ஜவ்வாது மலைக்குப் பண்பாடு தேடிப் போகும் மாணவர்களுக்கு

திமிரி

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

வேலூர், ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர்க் கல்லூரிகளிலிருந்து நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கும், ஆய்வேட்டுக்கும், கோடை விழாவுக்கும் ஆண்டுதோறும் ஜவ்வாது மலை ஏறுகிறவர்கள் நீங்கள். மலையாளி மக்களின் பாட்டையும் சடங்கையும் சாமைச் சோற்றையும் கல்வீடுகளையும் கைபேசியில் பதிவு செய்து இறங்குகிறீர்கள். கேரளத்தாரோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் பழங்குடியான அந்த மக்களைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைகளிலும் போடும் காணொளிகளிலும் ஒரு கவலை தவறாமல் வருகிறது: இதெல்லாம் அழிந்துபோவதற்குள் காப்பாற்ற வேண்டும். அந்தக் கவலை உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் காப்பாற்றும் வழி பதிவு செய்வதும் மேடையில் ஆடவைப்பதும்தான் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது தவறு என்று நினைக்கிறேன். ஒரு மலை ஊரின் மரபு நிலைப்பதும் போவதும் அந்த ஊருக்குத் தன் நிலத்தின் மீது, காட்டின் மீது, தன் வழக்குகளைத் தீர்த்துக்கொள்வதன் மீது எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதற்கு நாட்டில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று நாகா மக்கள். அவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

வேலூர்ப் பக்கத்தாருக்கு நாகா மக்கள் முகம் தெரியாதவர்கள் அல்லர். கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சிகிச்சைக்கும் படிப்புக்கும் வடகிழக்கிலிருந்து தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள். அவர்கள் ஊரைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் டிசம்பர் 1 முதல் 10 வரை கோகிமா அருகே கிசாமாவில் நடக்கும் இருவாச்சித் திருவிழாதான். இறகுத் தலையணி, ஈட்டி, மரமுரசு, வண்ணச் சால்வை என்று பார்க்கப் பார்க்கத் தீராத காட்சி அது. உங்களில் பலர் ஜவ்வாது மலைக் கோடை விழாவும் ஒரு நாள் அப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்படுவதைப் படித்திருக்கிறேன். ஆனால் இருவாச்சித் திருவிழா தொடங்கியது 2000ஆம் ஆண்டில். நாகா ஊர்கள் தம் மரபை விடாமல் வைத்திருந்ததற்கு அந்த விழா காரணமாக இருக்க முடியாது. விழாவில் ஆட ஆளும் பாட்டும் மிஞ்சியிருந்ததற்கான காரணம் அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் முன்பே அமைந்துவிட்டது.

நாகா என்பது ஒரே குலமில்லை. அங்காமி, ஆவோ, சுமி, லோதா, கொன்யாக், சாக்கேசாங் என்று பல குடிகள். பெரும்பாலானவற்றுக்குத் தனி மொழி. ஆட்சி முறையும் ஒன்றல்ல. கொன்யாக் ஊர்களில் 'ஆங்' எனப்படும் பரம்பரைத் தலைவர் உண்டு. அங்காமி ஊர்களில் அப்படி ஒருவருக்கும் இடமில்லை; குலப் பெரியவர்கள் கூடிப் பேசித்தான் எதுவும் முடிவாகும். ஆவோ ஊர்களில் தலைமுறைக்கொரு முறை பொறுப்பு மாறும் மன்றம் இருந்தது. இத்தனை வேறுபாட்டுக்கும் நடுவில் பொதுவாக நின்றது ஊர். மலை உச்சியில், வாசல் வைத்து, குலம் குலமாகப் பிரித்துக் கட்டிய ஊர். பருவம் எய்திய பையன்கள் இரவில் மோரோங் என்ற பொதுக் கூடத்தில் தங்கினார்கள். காவல், பாட்டு, மரவேலை, பெரியவர்களிடம் நடந்துகொள்ளும் முறை எல்லாம் அங்கேதான் பழகினார்கள். நிலம் தனியாளுக்கும் குலத்துக்கும் ஊருக்கும் என்று பிரிந்திருந்தது. யார் எந்தச் சரிவில் எந்த ஆண்டு காட்டை வெட்டி எரித்துப் பயிரிடுவது என்பதை ஊர் தீர்மானித்தது.

இந்த வாழ்க்கையில் மிகப் பெரும்பகுதி மாறிவிட்டது என்பதை மறைக்கக் கூடாது. 1872இல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி எட்வின் கிளார்க் ஆவோ ஊர் ஒன்றுக்குப் போனார். அடுத்த நூறாண்டில் நாகாலாந்து ஏறக்குறைய முழுவதும் கிறித்தவமாயிற்று. 2011 கணக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேருக்குச் சற்றுக் குறைவானோர் கிறித்தவர். மோரோங்குகள் வெறுமையாயின. செல்வம் சேர்த்தவர் ஊருக்கே விருந்து வைத்துப் பெருமை பெறும் பழைய சடங்கு நின்றது. அரிசி மது விலக்கப்பட்டது. தலை கொய்யும் போரும் ஒழிந்தது. அது ஒழிந்ததற்கு வருந்துவார் யாருமில்லை. பண்பாடு என்பது சடங்குகளின் பட்டியல் மட்டுமே என்றால் நாகா பண்பாடு எப்போதோ முடிந்திருக்க வேண்டும். ஆனால் இன்றும் ஒரு நாகாவிடம் அவர் யார் என்று கேட்டால் ஊரின் பெயரைச் சொல்வார்; அந்த ஊருக்கு மன்றம் இருக்கிறது, எல்லை இருக்கிறது, காடு இருக்கிறது, தீர்ப்புச் சொல்லும் உரிமை இருக்கிறது. தெய்வம் மாறியபோதும் நிலம் கைமாறவில்லை.

இது தானாக நடந்ததில்லை. 1962இல் பதின்மூன்றாம் திருத்தத்தின் வழி அரசமைப்புச் சட்டத்தில் 371-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. நாகா மக்களின் சமய, சமூக வழக்கங்கள். அவர்களின் வழக்காற்றுச் சட்டம். அந்தச் சட்டப்படி நடக்கும் உரிமையியல், குற்றவியல் நீதி. நிலமும் அதன் வளங்களும் யாருக்குச் சொந்தம், எப்படிக் கைமாறும் என்பது. இந்த நான்கிலும் நாடாளுமன்றத்தின் எந்தச் சட்டமும் நாகாலாந்து சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றால் ஒழியச் செல்லாது. அதன் மேல் மாநிலம் தானும் கட்டியது. 1976இல் தொடங்கிய ஊர் வளர்ச்சி வாரியங்கள் அரசுப் பணத்தை ஊரின் கையிலேயே கொடுத்தன. 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் மன்றங்களுக்கு முறையான வடிவம் தந்தது. 2002இல் பள்ளி, சுகாதார நிலையம், மின்சாரம் ஆகியவற்றின் நிர்வாகத்தை ஊர்க் குழுக்களிடம் ஒப்படைக்கும் சட்டம் வந்தது. வேலைக்கு வராத ஆசிரியரின் சம்பளத்தை நிறுத்தும் அதிகாரம்கூட ஊருக்குக் கிடைத்தது. அந்த முயற்சிக்கு 2008இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்சேவை விருது கிடைத்தது. கிசாமாவில் நீங்கள் காணும் ஆட்டத்துக்குப் பின்னால் நிற்பவை இந்தச் சட்டங்கள்.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களாகத் துண்டுபட்டுக் கிடக்கிறது ஜவ்வாது மலை. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் மலையாளிகளுக்கு. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் ஏறக்குறைய எட்டு லட்சம் பழங்குடியினரில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவர்கள். இங்கேயும் ஊருக்கு ஒரு தலைவர் உண்டு. பல ஊர்கள் சேர்ந்தது நாடு, அதற்கு நாட்டார் உண்டு. திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்குப் பரியம் தர வேண்டும். ஒத்துவராத மணத்தைப் பெரியவர்கள் முன் முறித்துக்கொள்ளலாம். கைம்பெண் மறுமணம் செய்யலாம். சமவெளியில் நாம் சீர்திருத்தம் என்று நூறாண்டு போராடிப் பெற்ற சில உரிமைகள் மலையில் வழக்கமாகவே இருந்தன. கீழ்ச்செப்பிலி போன்ற இடங்களில் பெருங்கற்காலக் கல்வீடுகள் நிற்கின்றன. புனக்காடு வெட்டிச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்தவர்கள் இவர்கள். நாகா ஊர்களோடு வைத்துப் பார்த்தால் வேற்றுமையை விட ஒற்றுமைதான் அதிகம் தெரிகிறது: ஊர், மன்றம், மலைப்பயிர், காடு. ஒன்றே ஒன்றுதான் இல்லை. இந்த ஊருக்கும் மன்றத்துக்கும் சட்டத்தில் இடமில்லை.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை அரசின் சொத்தாக்கியது. காப்புக்காட்டின் எல்லைக் கற்கள் ஊரைச் சுற்றி நட்டபோது புனக்காடு குற்றமாயிற்று. தம் முன்னோர் வெட்டிய சரிவில் கால் வைப்பவர் அத்துமீறியவர் ஆனார். சந்தனம் திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்கு இறங்கிற்று. நம் தோல் தொழிலும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளில் குரோமியம் கோலோச்சுவதற்கு முன்பு தோலைப் பதப்படுத்தியது ஆவாரம் பட்டை. அதற்கு மெருகும் நிறமும் தந்தது கடுக்காய். கடுக்காய் மலையிலிருந்து வந்தது. அதைக் காட்டில் பொறுக்கியவர் கைக்குக் கூலி வந்ததே தவிர, விலை குத்தகைக்காரருக்கும் வனத்துறைக்கும் போயிற்று. பாலாற்றுக் கரையின் செல்வத்தில் ஜவ்வாது, ஏலகிரிக் காடுகளுக்குப் பங்குண்டு என்பதை நம் வட்டாரத்தின் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்னும் போதிய அளவு சொல்லவில்லை. உங்களில் ஒருவர் அதை ஆய்வாக எடுத்துக்கொண்டால் நல்லது.

அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி பத்து மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஆந்திரத்தில் உண்டு, தெலங்கானாவில் உண்டு, ஒடிசாவில், மகாராட்டிரத்தில் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை. அதனால் 1996இல் வந்த 'பெசா' சட்டமும் இங்கே செல்லாது. அந்தச் சட்டம்தான் பழங்குடி ஊரின் கிராம சபைக்கு நிலம், சிறு வனவிளைபொருள், சந்தை, சாராயக்கடை ஆகியவற்றில் அதிகாரம் தருகிறது. அறிவிப்பதற்கான அளவுகோல்கள் புதிரானவை அல்ல: பழங்குடியினர் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், பகுதி கச்சிதமாக, ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும், ஒன்றியம், வட்டம் போன்ற நிர்வாக அலகாக இருக்க வேண்டும், அண்டைப் பகுதிகளை விடப் பின்தங்கியிருக்க வேண்டும். ஜமுனாமரத்தூரைத் தலைமையாகக் கொண்ட ஜவ்வாது மலை ஒன்றியத்தின் 11 ஊராட்சிகளை இந்த அளவுகோல்களோடு வைத்துப் பாருங்கள். இந்த நான்கில் எது அங்கே பொருந்தவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காப்பு இல்லாததன் விளைவு என்ன? பக்கத்து மலையையே பாருங்கள். ஏலகிரியின் பதினான்கு ஊர்களும் மலையாளிகளின் ஊர்கள். சமவெளியின் பணம் மேலேறியதும் விளைநிலம் விடுதியாகவும் விடுமுறை வீடாகவும் ஆயிற்று. நிலத்தை விற்றவரின் பிள்ளைகள் அங்கேயே தோட்டக் காவலுக்கும் அறை துடைக்கவும் போகிறார்கள். அங்கேயும் ஆண்டுதோறும் கோடை விழா நடக்கிறது. ஜவ்வாது மலையின் கதை இன்னும் கொடியது. மானாவாரிச் சாமையும் பொறுக்கும் புளியும் குடும்பத்தை நடத்தப் போதாமல் ஆண்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்கு இறங்கினார்கள். சிலரைத் தரகர்கள் செம்மரம் வெட்ட ஆந்திரத்துக்கு அழைத்துப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டு 20 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் மலை ஊர்க்காரர்கள். தம் காட்டில் விறகெடுக்கவும் அனுமதி கேட்க வேண்டியவர்கள் அயல் மாநிலக் காட்டில் உயிரை விட்டார்கள். 2023 மே மாத இறுதியில் அணைக்கட்டு வட்டம் அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் ஒரு குழந்தையைப் பாம்பு கடித்தது. குழந்தை பிழைக்கவில்லை. உடலைக் கொண்டுவந்த வண்டி சாலை இல்லாததால் மலையடியிலேயே நின்றுவிட, பெற்றவள் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி நடந்தாள். வனநிலத்தின் வழியே சாலை போட முடியாது என்பதுதான் அதுவரை சொல்லப்பட்ட காரணம்.

அந்தக் காரணம் முழு உண்மையில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சாலை, பள்ளி, குடிநீர், அங்கன்வாடி உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குள், எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், வனநிலத்தைத் தரலாம் என்கிறது. அதற்கு வேண்டியது கிராம சபையின் பரிந்துரை. ஊருக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதை ஊருக்கு யார் போய்ச் சொன்னார்கள்? அதே சட்டம் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் பயிரிட்டு வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு எக்டேர் வரை உரிமை தருகிறது. கடுக்காய், தேன், புளி போன்ற சிறு வனவிளைபொருள்களை ஊரின் சொத்தாக்குகிறது. தலைமுறைகளாகக் காத்துவந்த காட்டை ஆளும் உரிமையையும் ஊருக்கே தருகிறது. தமிழ்நாட்டில் 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணையால் பட்டா வழங்குவது தடைபட்டது. 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை நீங்கிற்று. மற்ற மாநிலங்கள் ஓடத் தொடங்கிய எட்டு ஆண்டுகள் நமக்கு நின்ற இடத்திலேயே போயின. அந்தத் தடை நீங்கியும் ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை எடைபோட வேண்டும். நாகாலாந்துக்குக் கிடைத்த காப்பு ஆயுதப் போராட்டத்தின் விளைவு. அதற்கு அந்த மக்கள் கொடுத்த விலை பயங்கரமானது. அதை எப்படி நமக்கு முன்மாதிரி என்பது என்று கேட்கலாம். விலை பயங்கரமானதுதான். 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் அந்த மலைகளில் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. 2021 டிசம்பரில் மோன் மாவட்டத்து ஓட்டிங்கில் சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளிகளை இராணுவம் தீவிரவாதிகள் என்று எண்ணிச் சுட்டுக் கொன்றது. ஆனால் ஓர் உரிமையைப் பெற ஒருவர் இரத்தம் சிந்த நேர்ந்தது என்பதற்காக, அமைதியாக இருப்பவருக்கு அந்த உரிமை தேவையில்லை என்றாகாது. அமைதியாக இருப்பவருக்குக் கேட்காமலே கொடுப்பதுதான் குடியரசுக்கு அழகு. ஐந்தாம் அட்டவணையும் வன உரிமைச் சட்டமும் துப்பாக்கி ஏந்தாதவர்களுக்காக எழுதப்பட்டவை.

மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து மலை ஏறிய வேளாளர்கள் என்று அவர்களே கதை சொல்கிறார்கள். தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றித் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆகவே அவர்களை நாகா மக்களோடு ஒப்பிடுவது பொருந்தாது என்ற மறுப்பும் உண்டு. மொழியாலும் தெய்வத்தாலும் அவர்கள் நம்மோடு நெருங்கியவர்கள்தான். ஆனால் வன உரிமைச் சட்டம் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று ஆராய்வதில்லை; பட்டியல் பழங்குடியா, காட்டைச் சார்ந்து வாழ்கிறார்களா என்பதே அதன் கேள்வி. நம் மொழி பேசுகிறார்கள் என்பதாலேயே அவர்களுடைய தனி உரிமையைக் காணத் தவறினோம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாகா மக்களின் வேற்றுமை கண்ணுக்குத் தெரிந்தது, இவர்களுடையது தெரியவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு பெண்களைப் பற்றியது. ஊருக்கு அதிகாரம் என்றால் ஊரின் ஆண்களுக்கு அதிகாரம் என்று முடிந்துவிடாதா? நாகா வழக்காற்றில் மூதாதையர் நிலம் பெண்ணுக்குப் போவதில்லை. நகராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற ஏற்பாட்டை 371-ஏ பிரிவைக் காட்டியே எதிர்த்தார்கள். 2017இல் அதற்காகக் கலவரம் மூண்டு, உயிர்கள் போய், முதலமைச்சர் பதவி விலகினார். மாநிலச் சட்டமன்றத்துக்கு முதன்முறையாகப் பெண்கள் வென்றது 2023இல்தான். இதில் எதையும் நான் மழுப்ப மாட்டேன். இது அந்த ஏற்பாட்டின் உண்மையான குறை. ஆனால் அந்தக் குறையோடு போராடியவர்களும் நாகாப் பெண்களே. 1984 முதல் இயங்கும் நாகா தாய்மார் சங்கம் நீதிமன்றம் வரை போயிற்று. 2024 ஜூனில் இருபது ஆண்டுகளுக்குப் பின் நடந்த நகராட்சித் தேர்தலில் இட ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. நம் மலைக்குப் பொருந்தும் சட்டம் இந்தப் பாடத்தை முன்கூட்டியே படித்திருக்கிறது. வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்ந்தே உரிமை எழுத வேண்டும். பெண்கள் குறிப்பிட்ட அளவில் வராத கிராம சபையின் முடிவு செல்லாது. 2024இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற ஸ்ரீபதி ஜவ்வாது மலையின் புலியூர்க்காரர். சட்டம் படித்த பெண்கள் மலையில் வளர்கிறார்கள். ஊர் மன்றத்தை எப்படித் திருத்துவது என்று அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

வனத்துறையினரும் சூழல் ஆர்வலர்கள் சிலரும் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு: காட்டை ஊர் கையில் கொடுத்தால் காடு மிஞ்சுமா? நாகாலாந்திலிருந்தே இரு பக்கமும் சான்று தருகிறேன். வேட்டை அவர்கள் வாழ்க்கையில் ஊறியது. பல காடுகளில் பறவை ஒலியே கேட்காத நிலை வந்தது. ஆனாலும் கோனோமா என்ற அங்காமி ஊர் அழிந்துவந்த டிராகோபன் கோழிகளைக் காக்கத் தன் காட்டில் வேட்டையைத் தானே நிறுத்தி, 1998இல் சரணாலயம் அமைத்தது. அந்த ஊரின் மலைவயல்களில் ஆல்டர் மரத்தை அடியோடு வெட்டாமல் கிளை கழித்து, அதன் வேர் மண்ணுக்குச் சேர்க்கும் தழைச்சத்தில் பயிரிடும் முறை தலைமுறைகளாக நடக்கிறது. 2012இல் டோயாங் நீர்த்தேக்கத்தருகே வலசை வந்த அமூர் வல்லூறுகள் பெருங்கூட்டமாக வலையில் சிக்கிக் கொல்லப்பட்ட செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே பாங்தி முதலிய ஊர் மன்றங்கள் வேட்டையைத் தடை செய்தன, கொலை நின்றது. வனக்காவலரால் ஆகாததை ஊர்க் கட்டுப்பாடு ஓர் ஆண்டில் செய்தது. மறுபக்கம், நிலம் சொந்தம் என்ற உரிமையாலேயே சில மாவட்டங்களில் எலிவளை நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகி, மலையும் ஆறும் கெட்டிருக்கின்றன. ஊர் தவறே செய்யாது என்று நான் சொல்லவில்லை. நாகா நிலத்தை விட நம் சட்டத்தின் உரிமைக்கு இங்கே ஒரு கூடுதல் காவல் உண்டு: வன உரிமைச் சட்டத்தில் பெற்றதை விற்கவோ மாற்றவோ முடியாது, வாரிசுகளுக்கு மட்டுமே போகும். ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் டோங்ரியா கோந்துகளின் 12 கிராம சபைகள் கூடி பாக்சைட் சுரங்கத்தை மறுத்ததும், மகாராட்டிரத்தின் மெந்தா லேகா என்ற ஊர் தன் மூங்கில் காட்டைத் தானே ஆள்வதும் இந்த ஒரே சட்டத்தின் வலுவில்தான்.

கடைசி மறுப்பு எங்கள் திமிரிப் பக்கத்திலிருந்தே வருகிறது. இங்குள்ள இருளர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலமில்லை. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழ்கிறவர்கள். ஆனாலும் மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள், பெண் பார்க்கிறார்கள், திருமணம் முடிக்கிறார்கள். நிலம் இல்லாமலே மரபு நிலைத்திருக்கிறதே என்று கேட்கலாம். நிலைத்திருப்பது ஓர் இரவின் திருவிழா. மற்ற நாட்களில் நடப்பதையும் பாருங்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அன்றைய வேலூர் மாவட்டத்தின் நெமிலிப் பக்கத்திலும் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்கள் இருளர் குடும்பத்தினர்; குழந்தைகளும் முதியவர்களும் அவர்களில் இருந்தார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். சொந்த நிலமும் ஊரும் இல்லாத மக்கள் முன்பணத்துக்கு அடகாவது எளிது. ஜவ்வாது மலை மக்கள் நிலத்தை இழந்தால் அடுத்த தலைமுறையின் இடம் எங்கே என்பதை அறிய அதிக தூரம் போக வேண்டியதில்லை.

இனி, உங்களிடம் கேட்பது. பாட்டையும் சடங்கையும் பதிவு செய்வதை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. இன்னும் கூர்மையாகச் செய்யுங்கள் என்கிறேன். வன உரிமைச் சட்டத்தின் விதிகள் எவற்றைச் சான்றாக ஏற்கின்றன என்று படித்துப் பாருங்கள்: ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலம், கோயில் தோப்பு, தெய்வ மரம், சுனை, இடுகாடு, கிழங்கும் பழமும் தேனும் எடுக்கும் இடங்கள், மேய்ச்சல் தடம், மூலிகை வைத்தியர் மருந்து பறிக்கும் சரிவு. உங்கள் கைபேசியில் ஏற்கனவே இருப்பவை இவைதான். எந்தத் தெய்வத்துக்கு எந்தத் தோப்பில் பொங்கல் வைக்கிறார்கள், எந்தச் சரிவில் தாத்தா காலத்தில் சாமை விளைந்தது, எந்தப் பாதையில் கடுக்காய்க்குப் போனார்கள் என்று நீங்கள் எடுத்த பேட்டியை, சொன்னவர் சம்மதத்தோடு, தேதியிட்டு, இடத்தைக் குறித்து, கையொப்பமோ கைரேகையோ வாங்கிக் கொடுத்தால் அது அந்த ஊரின் கோரிக்கை மனுவில் ஆவணமாகும். காணொளியாக மட்டும் விட்டால் நீங்கள் கல்லூரி முடிக்கும்போது அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த முகாமுக்கு முன் அந்த ஊராட்சியில் வன உரிமைக் குழு அமைக்கப்பட்டதா, அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினரா, எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, நிராகரித்த காரணத்தை எழுத்தில் தந்தார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தனிக் குடும்பங்களுக்கு ஏ படிவம், சமூக உரிமைக்கு பி படிவம், ஊர்க் காட்டை ஆளும் உரிமைக்கு சி படிவம். மூன்றாவதைப் பற்றித்தான் பல ஊர்களுக்கு எதுவும் தெரியாது. சட்டம் படிப்பவர்கள் மனு எழுத உதவட்டும், புவியியல் படிப்பவர்கள் எல்லை வரையட்டும், தமிழ் படிப்பவர்கள் பெரியவர்களின் வாக்குமூலத்தை அவர்கள் பேச்சிலேயே எழுதட்டும். ஊர் கேட்காத இடத்தில் தலையிட வேண்டாம். நாட்டார், ஊர்த்தலைவர், பெண்கள் குழு மூவரிடமும் பேசி அவர்கள் சொன்ன பிறகே இறங்குங்கள். மனுவில் எழுதுவது அவர்கள் முடிவாக இருக்க வேண்டும். ஜவ்வாது மலை ஒன்றியத்தை ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக அறிவிக்கப் பரிந்துரைக்குமாறு உங்கள் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் மாநிலப் பழங்குடியினர் ஆலோசனைக் குழுவுக்கும் எழுதுங்கள்; ஒரு கல்லூரியிலிருந்து நூறு கடிதங்கள் போனாலே அது பேசுபொருளாகும்.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 முதலிய நாட்களில் கிராம சபை கூடும். வரும் சபைக்கு முன்னால் ஏதாவது ஒரு மலை ஊரில் சி படிவத்தை முழுதாக நிரப்பி முடிக்க அந்த ஊருக்குத் துணை நில்லுங்கள்.

அன்புடன்,
திமிரியிலிருந்து ஒரு கட்டுரையாளர்